அடி விழும் வீட்டிலிருந்து எந்தக் கதவைத் தட்டுவது? மதுரைப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரைப் பக்கம் ஒரு பெண் புருஷனிடம் அடி வாங்கினால் அடுத்து என்னென்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலில் அம்மாவிடம் சொல்வாள். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போடி" என்பார் அம்மா. அடுத்த தடவை தாய்மாமன் வந்து மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். அதற்கடுத்து ஊர்ப் பெரியவர்கள். எல்லாம் பார்த்துவிட்டு, மண்டை உடைந்த பிறகு மகளிர் ஸ்டேஷன். அங்கே இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசி, "இனிமேல் இப்படி நடக்காது" என்று எழுதி வாங்கி வீட்டுக்கு அனுப்புவார்கள். இனிப் போக இடமில்லை என்று அவளும் முடிவு கட்டிவிடுவாள்.

இடம் இருக்கிறது. ஸ்டேஷன் என்பது ஒரு கதவு மட்டும்தான். குற்றம் செய்தவர் மேல் வழக்குப் போடுவது அதன் வேலை. அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமை, மாதச் செலவுக்குப் பணம், அடிக்கக் கூடாது என்று ஒரு கோர்ட் உத்தரவு ஆகியவை ஸ்டேஷனில் கிடைக்காது, மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் கிடைக்கும். அதற்கான சட்டம் 2005-ல் நிறைவேறி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் என்று பெயர். முதல் தடவையாக உதவி தேடிக் கிளம்புகிறவர்களுக்கும், கூடத் துணைக்குப் போகிற அக்கா, மதினி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இந்தக் கட்டுரை.

இந்த நிமிடமே ஆபத்து என்றால் மேலே படிக்க வேண்டாம். 112-க்கு அடியுங்கள், போலீஸ் வரும். பெண்களுக்கான 181 இரவு பகல் எந்நேரமும் எடுக்கும், காசு கிடையாது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. வீட்டில் உங்கள் ஃபோனை வாங்கிப் பார்க்கிறவர் இருந்தால், பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.

எது வன்முறை, எங்கே தொடங்குகிறது

அடித்தால்தான் வன்முறை என்று நம் ஊரில் நினைப்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உடலை வருத்துவது, விருப்பமில்லாத உறவுக்குக் கட்டாயப்படுத்துவது, கேவலமாகப் பேசி மனதை நோகடிப்பது, காசைக் கையில் விடாமல் வைத்திருப்பது என நான்கையும் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது. மனைவியைக் கட்டாயப்படுத்துவதை நம் குற்றவியல் சட்டம் இன்னும் பாலியல் வன்கொடுமைக் குற்றமாகச் சேர்க்கவில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் அதற்கும் பாதுகாப்பு கேட்கலாம்.

காசு விஷயத்தைத்தான் ஆட்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிற ஏ.டி.எம். கார்டைப் புருஷன் சட்டைப்பையில் வைத்திருப்பது, மகளிர் குழுவில் அவள் பெயரில் லோன் எடுக்கச் சொல்லி அந்தப் பணத்தை அவர் செலவழித்துவிட்டுத் தவணையை அவள் தலையில் கட்டுவது, பூக்கட்டிச் சம்பாதித்த கூலியைப் பிடுங்குவது, தாலிக்கொடியைக் கேட்காமல் அடகு வைப்பது எல்லாம் பொருளாதார வன்முறைதான். புகார் எழுதும்போது இவற்றையும் எழுதுங்கள். "அடிச்சதை மட்டும் எழுதும்மா" என்று யாராவது சொன்னாலும் எழுதுங்கள்.

காரணம் என்ன என்று கேட்டால் முதலில் டாஸ்மாக்கைக் கைகாட்டுவோம். குடி சண்டையைப் பெரிதாக்குகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே ஆள் அதே போதையில் வழியில் நிறுத்திய ஏட்டை அடிப்பதில்லை, வட்டிக்குக் கொடுத்தவரை அடிப்பதில்லை. நேரே வீட்டுக்கு வந்து, திருப்பி அடிக்க மாட்டாள் என்று தெரிந்த ஒருத்தியைத்தான் அடிக்கிறார். அடித்தால் கேட்பாரில்லை என்ற தைரியம்தான் ஆணிவேர். சந்தேகம், கந்துவட்டிக் கடன், ஆண்பிள்ளை இல்லை என்ற பேச்சு எல்லாம் அதற்கு மேலே வளர்பவை.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொன்று செய்முறை, அதாவது பிறந்த வீட்டிலிருந்து செய்யும் சீர். கல்யாணத்தோடு முடிவதில்லை. தலைத்தீபாவளி, வளைகாப்பு, காதுகுத்து, வீடு குடிபோவது என்று ஒவ்வொன்றிலும் பிறந்த வீட்டிலிருந்து என்ன வந்தது என்று எடை போடுவார்கள். மாமன் சீர் தட்டில் குறைந்ததற்கு, வீட்டுக்கு வந்ததும் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதற்கு வரதட்சணை என்று யாரும் பெயர் வைப்பதில்லை. கேட்டு வாங்கினால் சட்டத்தின் கண்ணில் அது வரதட்சணையாகவே போய்ச் சேரலாம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். அகில இந்தியக் கணக்கு 29 சொச்சம்தான். படிப்பிலும் வேலையிலும் முன்னே நிற்கிற மாநிலத்துக்கு இது தலைகுனிவு. உடலளவிலோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் நாடு முழுக்க 14 சதவீதம் பேர்தான் என்பதும் அதே ஆய்வில் வந்ததே.

ஒரு எச்சரிக்கை. கழுத்தை நெரித்தது, மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ காட்டி மிரட்டியது, கர்ப்பமாக இருக்கும்போது அடித்தது, "உன்னையும் கொன்னுட்டு நானும் செத்துருவேன்" என்றது: இவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் "இன்னும் ஒரு தடவை பார்ப்போம்" என்று தள்ளிப் போடாதீர்கள். கழுத்தில் கை வைத்தவர் அடுத்த முறை உயிரை எடுக்கக்கூடியவர் என்று எண்ணிக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும் நாளும் அதை ஒட்டிய நாட்களும்தான் ஆபத்து அதிகமானவை. "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள்.

முதல் வேலை: ஒரு ஆளும் ஒரு பையும்

நம்பிக்கையான ஒருவரிடம் முழுக்கச் சொல்லி வையுங்கள். தங்கச்சியாக இருக்கலாம், பூக்கடை அக்காவாக இருக்கலாம், பிள்ளையின் டீச்சராக இருக்கலாம். பாதி மறைத்துச் சொன்னால் பாதி உதவிதான் கிடைக்கும்.

ஆதார் கார்டு, ரேஷன் கார்டு நகல், பேங்க் பாஸ்புக், கல்யாணப் பதிவுச் சான்று, அது இல்லையென்றால் பத்திரிகையும் தாலி கட்டும் போட்டோவும், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, உங்கள் படிப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பிவிட்டு உங்கள் ஃபோனிலிருந்து நீக்கிவிடுங்கள். முடிந்தால் அசலையும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் வையுங்கள். திட்டும் வாய்ஸ் மெசேஜ், மிரட்டல் வாட்ஸாப் எதையும் அழிக்க வேண்டாம். அவை வந்த ஃபோனையே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கோர்ட்டில் நகலைவிட அந்த மெசேஜ் வந்த ஃபோனுக்கே மதிப்பு.

கையில் காசில்லை என்பதால் நின்றுவிட வேண்டாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது. புருஷனிடம் பத்து ரூபாய் கேட்காமல் ஒருத்தி கலெக்டர் ஆபீஸ் வரை வந்து போக முடிகிறது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சொல்லும் ஒரு வாக்கியம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வழக்குகள் பல இங்கேதான் கெட்டுப்போகின்றன.

காயம்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகிறீர்கள். டாக்டர் ஏ.ஆர். நோட்டை எடுப்பார், அதாவது விபத்துப் பதிவேடு. "எப்படிம்மா ஆச்சு?" என்பார். பக்கத்தில் மாமியார் நிற்பார், இல்லையென்றால் அடித்தவரே நிற்பார். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்" என்று வாயிலிருந்து வந்துவிடும். அந்த ஒரு வரி அப்படியே நோட்டில் ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து நீங்கள் கோர்ட்டில் உண்மையைச் சொல்லும்போது எதிர்க்கட்சி வக்கீல் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்.

எனவே, "இவங்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்க, தனியாப் பேசணும்" என்று நர்ஸிடம் கேளுங்கள். யார் அடித்தது, எதால் அடித்தார், எத்தனை மணிக்கு, எங்கே வைத்து என்ற நான்கையும் சொல்லுங்கள். "தெரிந்த நபர் ஒருவர் தாக்கியதாக" என்று மட்டும் எழுதுவது வழக்கம். கணவர் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். வெளியே தெரியாத வலியையும் சொல்லுங்கள், குறிப்பாகத் தலையில், வயிற்றில், காதில் அடி, கழுத்தில் நெரிப்பு. விழுங்கும்போது வலித்தாலோ குரல் மாறியிருந்தாலோ அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குத் தகவல் போகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அடிபட்டு வந்த பெண்ணுக்கு மருத்துவ உதவி செய்ய மாட்டோம் என்று சொல்ல மருத்துவமனைக்கு உரிமை இல்லை, போலீஸ் புகார் இல்லாமல் போனாலும் சரி. சின்ன ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினாலும் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். காயத்தை அன்றும், நிறம் மாறிக் கன்றிப்போன பிறகும் போட்டோ எடுங்கள்.

மகளிர் ஸ்டேஷன்

தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் திறந்தது. இப்போது மதுரையில் தல்லாகுளம், வெளியே மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று பல இடங்களில் இருக்கின்றன. அங்குதான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. பக்கத்தில் இருக்கும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "எங்க எல்லை இல்லம்மா" என்று திருப்பி அனுப்பக் கூடாது, பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும்.

புகாரை வீட்டிலேயே எழுதி இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். நாள், நேரம், இடம், யார் பார்த்தார்கள் என்று கடைசியாக நடந்ததிலிருந்து பின்னோக்கி எழுதினால் தெளிவாக இருக்கும். கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு, கேளுங்கள். அது இல்லாமல் வெளியே வராதீர்கள், அது கையில் இல்லாவிட்டால் நீங்கள் போனதற்கே சாட்சி இல்லை.

புருஷனோ அவர் உறவினரோ கொடுமைப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 85-ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1-க்கு முன்பு 498-ஏ என்று சொல்லிக்கொண்டிருந்தது இதுதான். புகார் கொடுத்த அன்றே தூக்கி உள்ளே போடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். கணவன் மனைவி தகராறில் எஃப்.ஐ.ஆருக்கு முன் ஆரம்ப விசாரணை நடத்தலாம் என்று 2013-லும், இவ்வகை வழக்கில் யோசிக்காமல் கைது செய்யக் கூடாது என்று 2014-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் முதலில் பேச்சுவார்த்தைக்குத்தான் கூப்பிடுவார்கள்.

பேச்சுவார்த்தை தப்பில்லை. சில குடும்பங்களில் யூனிஃபார்மைப் பார்த்த பிறகு கை அடங்கியதும் உண்டு. ஆனால் மேஜையில் வைத்து எழுதும் அந்தச் சமாதானக் கடிதத்தைக் கவனியுங்கள். "இருவருக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, பெரியோர் முன்னிலையில் சமாதானமாகப் போகிறோம், மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதினால் அடி காணாமல் போய்விடும். இன்ன தேதியில் அடித்தேன், இனி அடிக்க மாட்டேன் என்று அவர் கையெழுத்தில் இருந்தால் அது நாளைக்கு உதவும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். யார் சொன்னாலும் சரி, மாமாவே சொன்னாலும் சரி.

இரண்டாவது கதவு: பாதுகாப்பு அலுவலர்

அண்ணா பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான். அங்கே மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டு அவர் குடும்ப நிகழ்வறிக்கை என்று ஒரு படிவம் நிரப்புவார். அது மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். நீங்கள் வர முடியாத நிலையில் இருந்தால் வேறு யாரும் அவருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது என்று சட்டமே உறுதி தருகிறது. அக்கம்பக்கத்தவர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் வேண்டாமா? வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100-க்கு ஃபோன் போட்டும் கேட்கலாம்.

பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அடிக்கவோ வேலை பார்க்கும் இடத்துக்கு வந்து கலாட்டா செய்யவோ கூடாது என்று. வீட்டில் தங்கும் உத்தரவு கேட்கலாம். செலவுக்குப் பணம், நகையைத் திருப்பித் தருவது, பிள்ளைகள் யாரிடம் இருப்பது, நஷ்டஈடு எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் என்றும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகும். அதனால் மனுவோடு சேர்த்து இடைக்கால உத்தரவும் கேட்கச் சொல்லுங்கள். அவசரம் என்று தோன்றினால் எதிர்தரப்பைக் கேட்காமலே மாஜிஸ்திரேட் அதைக் கொடுக்கலாம்.

"வீடு எங்க அப்பா பேர்ல இருக்கு, வெளிய போ" என்று சொல்வார்கள். பயப்படாதீர்கள். வாழ்ந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே தங்க உரிமை கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சொத்து உங்களுக்கு வந்துவிடும் என்று அர்த்தமில்லை. சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியாது, அவ்வளவுதான். மாமியார், நாத்தனார் மேலும் மனுப் போடலாம். ஆனால் அவர்கள் பெண்கள் என்பதால், அவர்களை அந்த வீட்டை விட்டு வெளியேற்றும்படி கோர்ட் உத்தரவு போடாது.

திருப்பூரிலோ சென்னையிலோ வாழ்க்கைப்பட்டு மதுரைக்குத் திரும்பி வந்தவர்கள் அங்கே போய் அலைய வேண்டாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் எல்லையிலேயே மனுப் போடலாம். மனைவி மட்டுமல்ல, மகன் அடிக்கும் தாயும், அண்ணன் அடிக்கும் கல்யாணமாகாத தங்கச்சியும், கொழுந்தன் விரட்டும் விதவையும் இதே சட்டத்துக்குள் வருவார்கள்.

இரவில் போக இடமில்லை என்றால் 181-இல் கேளுங்கள். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கவும், மருத்துவ, சட்ட உதவி பெறவும் வழி செய்வார்கள். அதற்கு மேல் என்றால் தங்கும் இல்லத்துக்கு அனுப்புவார்கள்.

பிள்ளைகளும் உத்தரவுக்குப் பிறகும்

அடியைப் பார்த்து வளரும் பிள்ளை திடீரென்று படிப்பில் பின்தங்கும், படுக்கையில் சிறுநீர் கழிக்கும், சின்னச் சத்தத்துக்கும் நடுங்கும். சில பையன்கள் அதே கையைத் தங்கச்சி மேல் ஓங்க ஆரம்பிப்பார்கள். பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள் என்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டால், டி.சி. இல்லையே என்று பள்ளியை நிறுத்தாதீர்கள். 6 முதல் 14 வயது வரை டி.சி. தாமதமாகிறது என்ற காரணத்தால் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

உத்தரவு கிடைத்ததும் அதன் நகலை இலவசமாகத் தருவார்கள். உங்கள் ஏரியா ஸ்டேஷனுக்கும் நகல் போக வேண்டும். போயிற்றா என்று நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வாசலில் வந்து கத்தினாலும் மீறல்தான். ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுங்கள். உத்தரவு பிடிக்காவிட்டால் இரண்டு தரப்பும் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போகலாம்.

நடக்காமல் தடுப்பது

பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் கதவைத் தட்டி, "அக்கா, கொஞ்சம் சீனி இருக்கா?" என்று கேட்டாலே ஓங்கிய கை பல நேரம் இறங்கிவிடும். நியாயம் பேசப் போனால் அந்த ஆத்திரமும் அவள் மேல்தான் விழும். வேறொரு நாள் அவர் இல்லாதபோது போய், "என்ன முடிவெடுத்தாலும் நான் கூட வர்றேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாய் என்று கேட்காதீர்கள்.

பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாணத்துக்கு முன்பே செய்ய வேண்டியது இரண்டு. "என்ன ஆனாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்திருக்கும்" என்று மாப்பிள்ளை காதிலும் விழும்படி சொல்வது ஒன்று. இன்னொன்று கணக்கு. மொய் எழுத மேஜை போட்டு, நல்ல கையெழுத்துக்காரர்கள் இருவரை உட்கார வைத்து, 101 ரூபாயைக்கூட ஊர் பெயரோடு எழுதி வாங்குகிற ஊர் இது. ஆனால் மகளுக்குப் போட்ட நகையை எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. கேட்காமல் மனமுவந்து கொடுக்கும் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று வரதட்சணைத் தடுப்பு விதிகளில் 1985-லிருந்தே இருக்கிறது. என்ன பொருள், மதிப்பு எவ்வளவு, யார் கொடுத்தது, அவர் மணமக்களுக்கு என்ன உறவு என்று மொய் நோட்டின் கடைசிப் பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நகைக்கடை பில்லை மகள் பெயரிலேயே போடச் சொல்லுங்கள், அசல் பில் அவளிடமோ உங்களிடமோ இருக்கட்டும், மாப்பிள்ளை வீட்டு பீரோவில் வேண்டாம்.